தோட்டத்துச் சடக்கில் ஞாயிறு காலை சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஞாயிறும் காலையில் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து கூட்டமாகச் சைக்கிளில் கிளம்புகிறோம். பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றிவிட்டு, பசியாறிவிட்டு வீடு திரும்புகிறோம். ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது; எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. சில வாரம் பன்னிரண்டு பேர், சில வாரம் முப்பது பேர். புதிதாக வர நினைப்பவர்கள் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான். வந்து சேருமுன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

இது பந்தயமா? எவ்வளவு வேகமாகப் போவீர்கள்?

பந்தயம் கிடையாது. செம்மண் பாதையில் மணிக்கு 12 கிலோமீட்டர், தார்ச் சடக்கில் 15. பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே மிதிக்க முடிகிறதா என்பதுதான் எங்கள் அளவுகோல். பேச்சு நின்றுவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். ஒரு சுற்று 18 முதல் 22 கிலோமீட்டர் வரும். நிற்பது, படம் பிடிப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் ஆகும்.

வேகமாக ஓட்டிப் பழகியவர்களும் வருகிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஞாயிறு ஒரு நாள் மட்டும் மற்றவர்களோடு சேர்ந்து வாருங்கள், வேகத்தை மற்ற நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சைக்கிள் ஓட்டியது பள்ளிக்கூடம் போன காலத்தில். இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. என்னால் முடியுமா?

முடியும். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். சைக்கிள் ஓட்டுவது உடம்புக்கு மறப்பதில்லை. பயம் விலகத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும். முதல் வாரம் வருவதற்கு முன் வீடு இருக்கும் தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) இரண்டு மூன்று சாயங்காலம் ஓட்டிப் பாருங்கள். பிரேக் பிடித்து நிற்பது, திரும்பிப் பின்னால் பார்ப்பது, ஒரு கையை எடுத்துச் சைகை காட்டுவது, இந்த மூன்றும் வந்துவிட்டால் போதும்.

பெரும்பாலோர்க்கு முழங்கால் வலிப்பதற்குக் காரணம் சீட்டின் உயரம். தரையில் இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துவிடுகிறார்கள். மிதிகட்டை கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் லேசாக மடங்கும், வலி வராது. புதியவர்கள் பயம் தெளியும் வரை ஓரிரு வாரம் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

என்ன சைக்கிள் வேண்டும்? விலையுயர்ந்தது வாங்க வேண்டுமா?

வேண்டாம். பிரேக் பிடிக்கிற, செயின் கழலாத எந்தச் சைக்கிளும் சரி. முன்னால் கூடை வைத்த பழைய ஜப்பான் சைக்கிள்கள் இரண்டாம் கையாக மலிவாகக் கிடைக்கின்றன. எங்களில் ஐந்தாறு பேரிடம் அதுதான். தண்ணீர்ப் புட்டி, மழைக்கோட்டு, வரும் வழியில் வாங்குகிற கீரைக்கட்டு எல்லாம் கூடைக்குள் அடங்கிவிடும்.

மெல்லிய டயர் போட்ட பந்தயச் சைக்கிள் மட்டும் தோட்டத்துப் பாதைக்கு ஆகாது. மலைச் சைக்கிள் என்றால் காற்றைக் கல்லுப்போல் அடிக்காதீர்கள். 35 பிஎஸ்ஐ அளவில் இருந்தால் செம்மண்ணில் சக்கரம் பிடித்து ஓடும், கையும் அதிராது.

தலைக்கவசம் எங்கள் கூட்டத்தில் கட்டாயம். இல்லாதவர்களுக்குக் கொடுக்க நான்கு வைத்திருக்கிறோம்.

ஏன் 7 மணிக்கே கிளம்புகிறீர்கள்? எட்டரைக்கு வைத்தால் நன்றாக இருக்குமே?

எட்டரைக்கு வைத்தால் பத்து மணி வெயிலில்தான் பாதி வழி போக வேண்டியிருக்கும். செம்பனை நிழல் கொடுக்கும் என்று நினைப்பார்கள். பாதை அகலமாக இருக்கிற இடத்தில் நிழல் விழாது, காற்றும் அடிக்காது.

ஏழு மணி என்பது கேட்பதற்குத்தான் சீக்கிரம். இங்கே சூரியன் உதிப்பதே ஆண்டு முழுக்க ஏறக்குறைய 7க்கும் 7.30க்கும் இடையில்தான். சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் ஏழு மணிக்குக் கூடும்போது இன்னும் மங்கலாகத்தான் இருக்கும். காற்று சரிபார்த்து, பெயர் எழுதி, யார் முன்னால் யார் பின்னால் என்று பேசி முடிப்பதற்குள் விடிந்துவிடும். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கொண்டுவாருங்கள்.

எங்களோடு வரும் பெரியவர் ஒருவர் அந்த மங்கலில் ஒவ்வொரு வாரமும் சொல்வார்: “இந்நேரம் பெரட்டு முடிஞ்சு மரத்துக்குப் போயிருப்போம்.” பெரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் ஆள் கணக்கெடுப்பது. பால்மரம் வெட்டிய கை அவருடையது.

எந்த வழியாகப் போவீர்கள்? சுற்றிலும் செம்பனைதானே, பார்க்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்வதில் எனக்குச் சந்தோஷம்.

முதலில், நீங்கள் மிதிக்கப் போவது சாதாரண மண் இல்லை. மலேசியாவில் செம்பனையை வியாபாரத்துக்கென்று முதன்முதலில் நட்ட தோட்டம் இங்கேதான் இருக்கிறது. 1917இல் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். தோட்டத்தின் பெயர்ப்பலகையை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்: தென்னமரம். நூறு ஆண்டுக்கு மேலாக ஒரு தமிழ்ச் சொல் பலகையிலும் கடிதத்திலும் அப்படியே நிற்கிறது. எத்தனை பேர் காடியில் அந்தப் பலகையைத் தாண்டிப் போயிருப்போம்! நானும் பல வருடம் போனேன். சைக்கிளில் போன முதல் நாள்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

அப்புறம் வாசம். செம்பனையின் ஆண் பூ விரிந்திருக்கிற வாரத்தில் வரிசைக்குள் நுழைந்தால் சோம்பு வாசம் வரும். யாரோ சோம்பை வறுத்துப் போட்டதுபோல இருக்கும். நின்று பூவைக் கிட்டப் பார்த்தால் சின்னஞ்சிறிய கூன்வண்டுகள் அதில் மொய்த்துக்கொண்டிருக்கும். அந்த வண்டு இந்த நாட்டில் இருந்ததில்லை. கேமரூனிலிருந்து 1981இல் கொண்டுவந்து விட்டார்கள். செம்பனையின் சொந்த மண் மேற்கு ஆப்பிரிக்கா. மரம் வந்துவிட்டது, அதன் பூவுக்குத் தூள் சுமக்கிற வண்டு வரவில்லை. அதனால் அதுவரை பல தோட்டங்களில் மகரந்தத் தூளை ஆள் வைத்துப் பெண் பூவுக்கு ஊத வேண்டியிருந்தது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்களோடு வரும் ஓர் அக்கா செய்து தெரிந்துகொண்டவர். ஒரு ஞாயிறு எல்லோரும் பூவைச் சுற்றி நிற்கும்போது அவர் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, மட்டைகளுக்கு இடையில் கையை நுழைத்துக் காட்டினார். “இப்படித்தான் பாளையை விலக்கணும். முள்ளு கிழிக்கும். பொடியை அடிச்சிட்டு அடுத்த மரம். பதினேழு வயசு எனக்கு. அப்புறம் பூச்சி வந்துச்சு, எங்களுக்கு அந்த வேலை போச்சு.” மணிக்கட்டில் பழைய கீறல் தழும்புகள் வெள்ளை வெள்ளையாக இருந்தன. கூட வந்த அவருடைய பேத்தி அன்றுதான் முதல் முறையாக அதைக் கேட்டாள்.

பாதை ஓரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் செடிகளும் அழகுக்காக வைத்தவை இல்லை. கூட்டைத் தூக்கிக்கொண்டு இலையைத் தின்னும் பைப்புழுவை அழிக்கிற சின்னக் குளவிகள் அந்தப் பூவில் தேன் குடிக்க வரும் என்பதற்காக நட்டிருக்கிறார்கள். காலையில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும் பூ. எட்டு மணிக்குப் போகிறவர்களுக்குத்தான் அது தெரியும். கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி இருந்தால் அது கூகைக்கு வைத்த வீடு. பழத்தைத் தின்கிற எலியைப் பிடிக்கக் கூகை வளர்க்கிறார்கள்.

வழி மாதத்துக்கு மாதம் மாறும். தோட்டத்துச் சுற்று ஒன்று, பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் பக்கம் ஒன்று, சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய கம்பத்துப் பாதை ஒன்று. குட்டைப் பக்கம் போகும்போது யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரை திடீரென்று ஆழமாக இறங்கும்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடங்களிலும் நிற்போம். பல இடங்களில் வீடு இல்லை. ஒரு புளியமரம், சிமெண்டுத் தொட்டி, கோயில் மட்டும் மிச்சம். முனியாண்டி கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்தினால், அங்கே பிறந்தவர் யாராவது கூட்டத்தில் இருந்தால், எந்த வாசல் யாருடையது என்று அவர் நடந்துகொண்டே சொல்வார். அந்த இடத்தில் நாங்கள் அவசரப்படுத்துவதில்லை. அன்று சுற்று குறைந்தாலும் பரவாயில்லை.

நான் பின்தங்கிவிட்டால் என்ன ஆகும்?

காத்திருப்போம். இதை வெறும் வாய்ச்சொல்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். அந்த முறை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நாங்கள் தொடங்கிய மூன்றாவது வாரம், நான்தான் முன்னால் போனேன். பின்னால் எல்லோரும் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, செயின் கழன்று நின்றிருக்கிறார். மாட்டிவிட்டு நிமிர்ந்தால் முன்னால் யாரும் இல்லை. செம்பனைக்குள் எல்லாச் சந்தியும் ஒரே மாதிரிதான் இருக்கும். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் நேரே போய்விட்டார். கைப்பேசிக்கு லைன் கிடைக்கவில்லை. எண்ணிப் பார்த்தபோது ஓர் ஆள் குறைகிறது என்று தெரிந்து என் வயிறு கலங்கிவிட்டது. நாற்பது நிமிடம் தேடினோம். வாய்க்கால் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். “தேடி வருவீங்கன்னு தெரியும் தம்பி. எந்தப் பக்கத்துலேர்ந்துன்னுதான் தெரியல” என்றார். தண்ணீர்ப் புட்டி காலியாக இருந்தது. அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து இப்படிச் செய்கிறோம். முன்னால் ஒருவர், அவரை யாரும் தாண்டக் கூடாது. கடைசியில் ஒருவர், அவருக்கு வால் என்று பெயர். மஞ்சள் மேல்சட்டை போட்டிருப்பார், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. சந்தி வந்ததும் முன்னால் போகிறவர் தனக்கு அடுத்தவரை அங்கேயே நிறுத்திவிட்டுப் போவார். நின்றவர், வருகிறவர்களுக்கெல்லாம் கையால் வழி காட்டிக்கொண்டு, வால் வந்து சேரும் வரை அசையக் கூடாது. வால் வந்ததும் அவர் மறுபடி ஓட்டத் தொடங்கலாம். அடுத்த சந்தியில் வேறொருவர் நிற்பார். இந்த முறையில் யாரும் வழி தவற முடியாது, கூட்டம் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இழுபட்டாலும் பயமில்லை. சந்தியில் நிற்கிற வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள், போலீஸ்காரர் மாதிரி நிமிர்ந்து நிற்பார்கள்.

இன்னொன்று: பாதை மூலைகளில் பிளாக் எண் எழுதிய கல்லோ தகடோ இருக்கும். கடந்து போகும்போது அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போகப் பழகுங்கள். அழைத்துச் சொல்ல வேண்டி வந்தால் “மரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன்” என்பதைவிட அந்த எண் ஆயிரம் மடங்கு உதவும்.

தோட்டத்துக்குள் விடுவார்களா?

தோட்டம் தனியார் நிலம். ஆபீசுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணி என்று எழுதி, அனுமதி கிடைத்த பிறகுதான் போகிறோம். கேட்டில் காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் பெயர்ப் பட்டியல் கொடுத்துவிட்டு நுழைவோம். கீழே கிடக்கிற உதிரிப் பழத்தை ஒன்றுகூடப் பொறுக்கக் கூடாது, விளையாட்டுக்கும் வேண்டாம். மருந்து தெளித்த பாதை என்று சொன்னால் அந்தப் பக்கம் திரும்ப மாட்டோம். வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். இப்போது குலை வெட்டுபவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் தாத்தா பாட்டி இருந்த நிலையில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். நின்று ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

லோரி, நாய், பாம்பு?

லோரிக்குத்தான் நான் பயப்படுவேன். தார்ச் சடக்கில் குலை லோரியும் மணல் லோரியும் வரும். பெரிய சடக்கில் இருக்கும் தூரத்தை இரண்டு கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்கிறோம். அங்கே இடப்பக்க ஓரமாக ஒருவர்பின் ஒருவராகப் போக வேண்டும், பேச்சு நிற்க வேண்டும். பின்னாலிருந்து “லோரி!” என்று குரல் வந்தால் அதை ஒவ்வொருவராக முன்னால் கடத்துங்கள். லோரி நம்மைத் தாண்டும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். கைப்பிடியை உறுதியாகப் பிடித்து நேராகப் போங்கள். நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, அந்தப் பக்கம் போவதே இல்லை.

நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கத் தோன்றும். மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, மெதுவாக நடங்கள். ஓடுவதைத்தான் அது துரத்தும். பாம்பு நம் அதிர்வைக் கேட்டே விலகிப் போய்விடும். அடுக்கி வைத்த மட்டைக் குவியலில் மட்டும் காலையோ கையையோ வைக்க வேண்டாம், எலி தேடி நாகம் அங்கே வரும். ஒதுங்க வேண்டுமென்றால் வெட்டவெளியில் ஒதுங்குங்கள்.

நடுவழியில் டயர் பொத்தலாகிவிட்டால்?

ஆகும். செம்பனை மட்டையின் அடிப்பகுதி இரண்டு ஓரத்திலும் முள். காய்ந்த முள் ஆணிக்குச் சமம். அதனால் பாதை நடுவே ஓட்டுங்கள், மட்டை கிடந்தால் சுற்றிப் போங்கள்.

பொத்தலானால் பதற்றப்பட வேண்டாம், வால் ஆளின் பையில் எல்லாம் இருக்கிறது. ஆனால் நீங்களும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. டயரின் ஒரு பக்கத்தை நெம்பி எடுத்து டியூபை உருவுங்கள். காற்றடித்து, வாய்க்கால் தண்ணீரிலோ குழியில் தேங்கிய மழைத் தண்ணீரிலோ முக்கினால் குமிழி வரும் இடம்தான் பொத்தல். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பசை காய்ந்து பளபளப்பு போகும் வரை, ஓர் ஐந்து நிமிடம், விரல் படாமல் விட்டுவைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் அரை மைலில் பிய்ந்துவிடும். காய்ந்த பிறகு ஒட்டைப் போட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.

டியூபைத் திரும்பப் போடுவதற்கு முன் முள்ளைத் தேட வேண்டும். அது இன்னும் டயருக்குள்ளேயே இருக்கும். வெளியே பார்த்தால் ஒரு கரும்புள்ளிகூடத் தெரியாது. டயரின் உட்புறத்தைத் துணியால் மெல்லத் தடவிக்கொண்டே வாருங்கள். முள் இருக்கிற இடத்தில் துணி கொக்கிபோல் மாட்டும். வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும். குறடால் பிடித்து உள்பக்கமாக இழுங்கள். இதைச் செய்யாமல் போட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி இறங்க வேண்டியதுதான்.

இனிப்புநீர் இருக்கிறது. வரலாமா?

வாருங்கள், ஆனால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. 2019 தேசிய ஆய்வின்படி இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். எங்கள் கூட்டத்திலும் எண்ணிப் பார்த்தால் அதற்குக் குறையாது. இதை யாரும் மறைக்கத் தேவையில்லை. முதல் நாளே என்னிடமோ வால் ஆளிடமோ சொல்லிவிடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் வரக் கூடாது. “பசியாறத்தானே போறோம்” என்று சிலர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கடை வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு வாழைப்பழம், இரண்டு துண்டு ரொட்டி, ஏதாவது உள்ளே போகட்டும். கை நடுங்கினால், வியர்த்துக் குளிர்ந்தால், பேச்சு குழறினால் உடனே நிறுத்துங்கள். அளந்து பார்த்து 4 mmol/Lக்குக் கீழே இருந்தால், அல்லது அளக்கக் கருவி இல்லாவிட்டாலும், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். சர்க்கரைப் பொட்டலம் பையில் எப்போதும் இருக்கிறது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999க்கு அழையுங்கள். நெஞ்சில் இறுக்கம் வந்தாலும் அப்படியே, “கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்” என்று நாங்கள் காத்திருக்க மாட்டோம்.

பசியாறுவது எங்கே?

திரும்பும் வழியில் ஓர் ஒட்டுக்கடை. தோசை, இட்லி, ரொட்டி சானாய், சைவம் தனியாக. அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுப்பது வழக்கம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள், தோட்டத்துக்குள் கடை கிடையாது.

சந்தா உண்டா?

இல்லை. பசை, ஒட்டு, மருந்துப் பெட்டி வாங்க உண்டியல் ஒன்று சுற்றிவரும். விருப்பம் இருந்தால் ஒரு வெள்ளி போடுங்கள்.

பெண்கள் வருகிறார்களா? என்ன உடுத்துவது?

பாதிக்கு மேல் பெண்கள். பஞ்சாபி உடை, டிராக் கால்சட்டை, எது வசதியோ அது. துப்பட்டாவைக் குறுக்கே கட்டி முடிந்துவிடுங்கள், கால்சட்டையின் ஓரத்தைச் செயினில் மாட்டாமல் ரப்பர் வளையத்தால் கட்டிக்கொள்ளுங்கள். உடம்போடு ஒட்டும் சைக்கிள் உடுப்பு யாரிடமும் எதிர்பார்க்கப்படுவதில்லை. “இந்த வயசுல சைக்கிளா?” என்று வீட்டில் கேட்டால் அவர்களையும் ஒரு வாரம் கூட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டு வீட்டில் அப்படித்தான் மாமியாரும் மருமகளும் சேர்ந்து வர ஆரம்பித்தார்கள்.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா? சைக்கிள் என்றாலே பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நியாயமானது. 2017 பிப்ரவரியில் ஜோகூர் பாருவில் அதிகாலை 3 மணி அளவில் மாற்றியமைத்த சைக்கிள்களில் சடக்கில் இருந்த எட்டுச் சிறுவர்கள் காடி மோதி இறந்தார்கள். பிரேக்கைக் கழற்றி, கைப்பிடியைத் தாழ்த்தி ஓட்டும் லாஜாக் சைக்கிளைப் பற்றி அதற்குப் பிறகுதான் பல பெற்றோர் கேள்விப்பட்டார்கள். பையனிடமிருந்து சைக்கிளைப் பிடுங்கி வைப்பது ஒரு வழி. பகலில், பிரேக்கோடு, பெரியவர்களோடு ஓட்ட ஓர் இடம் கொடுப்பது இன்னொரு வழி. நான் இரண்டாவதை நம்புகிறேன். பிரேக் இல்லாத சைக்கிளை எங்கள் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் அந்தப் பையனைத் திருப்பி அனுப்பவும் மாட்டோம். இங்கேயே பிரேக் மாட்டிக் கொடுத்து அழைத்துப் போயிருக்கிறோம், மூன்று பேர் இன்னும் வருகிறார்கள். திரெங்கானு டுங்குனில் பிறந்த அஸிசுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வாங்கியது சைக்கிளில்தான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பத்து வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கூட வர வேண்டும்.

மழை, புகைமூட்டம் என்றால்?

தூறலில் போவோம். இடி கேட்டால் போக மாட்டோம். ஏப்ரல், மேயிலும் அக்டோபர், நவம்பரிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், அதற்குள் நாம் வீட்டில் இருப்போம். காலையில் வந்து கெடுப்பது சுமத்ரா காற்று. மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் கரிய மேகமாக வந்து ஒரு மணி நேரம் சுழற்றி அடிக்கும். மட்டையும் கிளையும் விழும். ஆறரைக்கு மேற்கே கறுத்திருந்தால் அன்று சவாரி இல்லை.

வறண்ட மாதங்களில் ராஜா மூசா காட்டின் சதுப்பு நிலம் அடியிலேயே கனன்று புகையும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ரத்து செய்துவிடுகிறோம். ஆஸ்துமா உள்ளவர்கள் அதற்கு முன்பே நின்றுகொள்வது நல்லது.

கோல சிலாங்கூர் வரை போவதுண்டா?

வருடத்துக்கு ஓரிரு முறை, நன்றாகப் பழகியவர்களோடு மட்டும். உள்பாதைகளில் போய், புக்கிட் மெலாவத்தி குன்றின் அடிவாரத்தில் நிறுத்தி, மேலே நடந்து ஏறுவோம். கம்போங் குவாந்தானின் மின்மினிகளைப் பார்க்கவும் சைக்கிளில் போகலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அது இருட்டிய பிறகு படகில் போய்ப் பார்ப்பது, இரவில் அந்தச் சடக்கில் சைக்கிள் ஆபத்து. காடியில் குடும்பத்தோடு போய்வாருங்கள்.

எங்கள் ஊரிலும் தொடங்கலாமா?

தாராளமாக. நான்கு பேர் போதும். முதல் மாதம் பத்துக் கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். முதல் நாள் தனியாகப் போய் வழியைப் பார்த்துவிட்டு வாருங்கள், பாலம் உடைந்திருக்கலாம், கேட் பூட்டியிருக்கலாம். முன் ஆளையும் வாலையும் நியமிக்காமல் ஒரு தடவைகூடக் கிளம்பாதீர்கள். அந்த ஊரில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் யாராவது இருந்தால், அவரால் ஓட்ட முடியாவிட்டாலும், கடைக்கு வரச் சொல்லுங்கள். வழி கேட்க அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது.

திரும்பி வந்ததும் சைக்கிளை என்ன செய்வது?

செம்மண் காய்வதற்கு முன் கழுவிவிடுங்கள், காய்ந்தால் கெட்டியாகிச் செயினைத் தின்றுவிடும். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். செயின் உலர்ந்ததும் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிதிகட்டையைப் பின்னோக்கிச் சுற்றி, மிஞ்சியதைத் துணியால் வழித்துவிடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துவிடும். தையல் மிஷின் எண்ணெய் போதும்.